சிற்றலையை மூடும் மின் இரைச்சல்: அது பிறக்கும் இடத்தை முதலில் கண்டறியுங்கள்

சிற்றலை (ஷார்ட் வேவ்) எடுக்கவில்லை என்று பழுது பார்க்கக் கொண்டுவரப்படும் வானொலிப் பெட்டிகளில் பலவற்றில் எந்தப் பழுதும் இருப்பதில்லை. பேட்டரி போட்டு, திறந்த வெளியில் பத்து மீட்டர் கம்பியை ஏரியலாகக் கட்டிக் கேட்டால் 31 மீட்டர், 25 மீட்டர் எனப்படும் சிற்றலைப் பேண்டுகளில் நிலையங்கள் தெளிவாக வருகின்றன; அதே பெட்டியை வீட்டின் கூடத்தில் வைத்தால், ‘கர்ர்’ என்ற தொடர் இரைச்சலுக்கு அடியில் குரல் புதைந்துபோகிறது. வானொலிப் பழுதுநீக்கத்தையும் ஏரியல் அமைப்பதையும் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் நேயர்களைக் கேட்டுக்கொள்வது இதுதான்: புதிய பெட்டி வாங்குவதற்கும், தெருவில் போகும் மின்கம்பியைக் குறை சொல்வதற்கும் முன்னால், இரைச்சல் எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். இன்றைய வீடுகளில் பெரும்பாலும் மின்கம்பி இரைச்சலைச் சுமந்து பரப்புகிறதே தவிர, அதைப் பிறப்பிப்பது கம்பியின் நுனியில் மாட்டியிருக்கும் கருவிதான்.

சிற்றலை ஒலிபரப்பு இதற்கு எளிதில் இரையாவதற்குக் காரணம் உண்டு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்து வரும் அந்த அலை மிகவும் வலுக்குறைந்தது. அதில் ஒலியானது, சுமந்து வரும் அலையின் வீச்சில் ஏற்றப்பட்டிருப்பதால், வீச்சைக் குலைக்கும் எந்த மின்பொறியும் நேரடியாக ஒலிபெருக்கிக்கு வந்துவிடுகிறது. மனிதர் உண்டாக்கும் வானொலி இரைச்சலைப் பற்றிய பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.372 பரிந்துரையின்படி, அதிர்வெண் பத்து மடங்கு உயர்ந்தால் குடியிருப்புப் பகுதியின் இரைச்சல் 27.7 டெசிபல் குறைகிறது. அதாவது 49 மீட்டர் பேண்டில் (ஏறத்தாழ 6 மெகாஹெர்ட்ஸ்) இருப்பதைவிட, அதிர்வெண் உயர்ந்த 16 மீட்டர் பேண்டில் (ஏறத்தாழ 17.7 மெகாஹெர்ட்ஸ்) இரைச்சலின் திறன் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். அதே பரிந்துரையைக் கொண்டு கணக்கிட்டால், 6 மெகாஹெர்ட்ஸில் ஒரு குடியிருப்புப் பகுதிக்கும் அமைதியான சிற்றூருக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 20 டெசிபல், திறனில் நூறு மடங்கு. இந்த அளவீடுகளுக்கு அடிப்படையான ஆய்வுகள் 1970-களைச் சேர்ந்தவை. எல்இடி பல்பும் கைபேசி சார்ஜரும் வீடுகளுக்குள் வருவதற்கு முந்தையவை.

சோதனை எளிது. வானொலியைப் பேட்டரியில் இயக்கி, நிலையம் எதுவும் இல்லாத ஓர் இடத்தில், இரைச்சல் மிகுந்து கேட்கும்போது முள்ளை நிறுத்திக்கொண்டு, வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். இங்கேதான் பலர் தவறான முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: மெயினை அணைத்த மறுகணமே இன்வெர்ட்டர் வேலையைத் தொடங்கி, பாதி வீட்டின் ஒயரிங்கிற்கு மின்சாரம் கொடுத்துவிடும், விலை குறைந்த சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் அதுவே பெரிய இரைச்சல் மூலம். ஆகவே இன்வெர்ட்டரையும் அதன் சுவிட்சிலேயே நிறுத்திய பிறகுதான் காதைக் கொடுக்க வேண்டும். இரைச்சல் நின்றால் அது உங்கள் வீட்டுடையது. மெயினைப் போட்டுவிட்டு எம்சிபிகளை ஒவ்வொன்றாக அணைத்து எந்த அறை என்றும், பிறகு பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எந்தக் கருவி என்றும் கண்டுபிடித்துவிடலாம். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, கழற்ற வேண்டும். சுவிட்ச் நியூட்ரலில் இணைக்கப்பட்ட பழைய ஒயரிங்கில் கருவிக்குள் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும்.

காது பழகினால் ஓசையே ஆளைக் காட்டிக்கொடுக்கும். மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் தரும் ‘பர்ர்’ ஒலி, குமிழைத் திருப்பும்போது மாறும். முழு வேகத்தில் வைத்தால் அநேகமாக மறைந்துவிடும். சார்ஜர், செட் டாப் பாக்ஸ், மடிக்கணினி அடாப்டர் ஆகியவற்றின் இரைச்சல் முள்ளை நகர்த்தும்போது ஒரே இடைவெளியில் மேடு மேடாக வரும், கருவி சூடேறச் சூடேற மெல்ல நகரும். மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய தோட்டங்களில் கேட்கும், நொடிக்கு ஒன்று என்ற கணக்கிலான ‘டிக்’ ஒலி, பெரும்பாலும் யானைகளைத் தடுக்கப் போட்ட சூரிய மின்வேலியில் எங்கோ செடியோ கொடியோ உரசுவதன் அடையாளம். ஒழுங்கில்லாமல் வந்து வெடிக்கும் ஒலி மின்னல். அதற்கு யாரும் பொறுப்பல்ல.

எல்இடி பல்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். மேசையில் இரண்டு 9 வாட் பல்புகளைத் திறந்து அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். ஒன்றில் மின்சாரம் நுழையும் இடத்தில் சிறிய சுருள் ஒன்றும், அதன் இருபுறமும் மின்தேக்கிகளும் இருக்கும். மற்றொன்றில் அந்த இடத்தில் அவை எதுவும் இன்றி, மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் பிரிட்ஜ் டயோடுகளிலிருந்து நேராக சுவிட்சிங் ஐசிக்குப் பாதை போகும். விடப்பட்ட அந்தச் சில ரூபாய் உறுப்புகள்தான், நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடும் சுற்றின் இரைச்சல் ஒயரிங்கிற்குள் ஏறாமல் தடுப்பவை. அவை இல்லாதபோது வீட்டின் ஒயர் முழுவதும் ஏரியலாக மாறிவிடுகிறது. அட்டைப்பெட்டியில் இருக்கும் இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் பதிவு எண்ணைப் பார்த்து நம்பிவிட வேண்டாம். அது பாதுகாப்புத் தரத்துக்கானது, வானொலி அமைதிக்கு உத்தரவாதம் அல்ல. கடையில் பல்பை எரியவிடும்போது கையடக்க வானொலியை ஓர் அடி தூரத்தில் பிடித்துப் பார்ப்பதே நம்பகமான தேர்வு.

மெயினும் இன்வெர்ட்டரும் அணைந்த பிறகும் இரைச்சல் தொடர்ந்தால் மட்டுமே வெளியே போக வேண்டும். அடுக்குமாடியில் அது பக்கத்து வீட்டுக் கருவியாகவும் இருக்கலாம். உண்மையான மின்கம்பி இரைச்சல் கரகரப்பானது. 50 ஹெர்ட்ஸ் மின்னழுத்தம் ஒவ்வொரு அரைச்சுற்றிலும் உச்சத்தைத் தொடும்போது பொறி பறப்பதால் நொடிக்கு 100 தடவை துடிக்கும். பொறி பறக்கும் இடம் தளர்ந்த போல்ட்டு, துருப்பிடித்த ஜம்பர் (கம்பிகளை இணைக்கும் துண்டுக் கம்பி) இணைப்பு, சரியாகப் பொருந்தாத ஏபி சுவிட்ச் (கம்பத்தின் மேல் மின்தொடரைத் துண்டிக்கும் சுவிட்ச்), விரிசல் விட்ட பீங்கான் இன்சுலேட்டர் என ஏதாவது ஒன்றாக இருக்கும். வானிலை இதில் நல்ல சாட்சி. தளர்ந்த இணைப்பின் இரைச்சல் காற்றடித்தால் விட்டுவிட்டு வரும்; மழை பெய்தால் ஈரம் அந்த இடைவெளியை நிரப்பிவிடுவதால் அடங்கி, காய்ந்ததும் திரும்பும். கடலோர ஊர்களில் இதற்கு நேர்மாறாக, உப்புப் படிந்த இன்சுலேட்டர்கள் விடியற்காலைப் பனியிலும் தூறலிலும் இரைந்து, பெருமழை உப்பைக் கழுவியபின் சில நாள் அமைதியாக இருக்கும். தேதி, நேரம், வானிலை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வந்தால் இது தெளிவாகப் புலப்படும்.

கம்பத்தைக் கண்டுபிடிக்க மத்திய அலையில் (மீடியம் வேவ்) தேடாதீர்கள். குறைந்த அதிர்வெண் இரைச்சல் கம்பி வழியே வெகுதூரம் ஓடி, சம்பந்தமே இல்லாத கம்பத்தின் அருகிலும் உரக்கக் கேட்கும். சிற்றலையின் உயர்ந்த பேண்டுகளுக்கும், முடிந்தால் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான விமானப் பேண்டுக்கும் மாறிக்கொண்டே நடந்து செல்லுங்கள். மிக உயர்ந்த அதிர்வெண்ணில் இரைச்சல் எங்கே கேட்கிறதோ, அந்தக் கம்பம்தான் பெரும்பாலும் குற்றவாளி. கம்பத்தைத் தட்டிப் பார்ப்பதும், கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியை ஆட்டிப் பார்ப்பதும் கூடவே கூடாது. கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, பகுதி மின் அலுவலகத்திலோ தமிழ்நாடு மின்வாரியத்தின் மின்னகம் சேவை மையத்தின் 94987 94987 எண்ணிலோ தெரிவியுங்கள். வானொலி கேட்கவில்லை என்று மட்டும் சொன்னால் அந்தப் புகாரின் அவசரம் எதிரில் இருப்பவருக்குப் புரிவது கடினம். இன்ன எண் கம்பத்தில் தளர்ந்த இணைப்போ கெட்ட இன்சுலேட்டரோ இருப்பதாகத் தோன்றுகிறது, இன்னின்ன நேரத்தில் இரைகிறது என்று சொல்லுங்கள். இரவில் பொறி கண்ணில் பட்டிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்று வானொலியில் கேட்கும் அந்தப் பொறியே நாளை ஜம்பர் அறுந்து விழவும் காரணமாகலாம் என்பதால், இது நேயர் ஒருவரின் தனிப்பட்ட குறை அன்று.

இரைச்சலை முற்றாக ஒழிக்க முடியாத வீடுகளில், ஏரியலை அதனிடமிருந்து விலக்குவதே மிகுந்த பலன் தரும். மொட்டைமாடியின் கடைசி மூலையில் கம்பியைக் கட்டி, கம்பியைக் கேபிளோடு பொருத்தும் 9:1 டிரான்ஸ்பார்மர் வைத்து, நடுக்கம்பியைச் சுற்றி உலோக உறை கொண்ட கோஆக்சியல் கேபிள் வழியாக அறைக்குக் கொண்டுவாருங்கள். கேபிளின் உறைக்கு வீட்டு எர்த்தைப் பயன்படுத்தினால் அது சுமக்கும் இரைச்சலும் கூடவே ஏறிவரும். கம்பியின் அடியிலேயே தனி எர்த் கம்பி அடிப்பது நல்லது. ஏரியல் அறுந்து எந்தப் பக்கம் விழுந்தாலும் மின்கம்பியிலோ சர்வீஸ் ஒயரிலோ படாத இடமாகப் பார்த்துக் கட்ட வேண்டும். இடி மின்னலின்போது வானொலியிலிருந்து கழற்றி வைக்க வேண்டும். சார்ஜர் போன்றவற்றுக்கு ஃபெரைட் வளையம் (இரைச்சலைத் தடுக்க ஒயரைச் சுற்றும் காந்தப்பொருள் வளையம்) உதவும், ஆனால் ஒயரை ஒருமுறை நுழைத்துவிட்டால் போதும் என்று எண்ணாதீர்கள். தடுப்புத் திறன் சுற்றுகளின் வர்க்கத்தை ஒட்டி உயர்வதால், எட்டுச் சுற்று ஒரு சுற்றைவிட ஏறத்தாழ 64 மடங்கு வலுவானது.

அண்மைக் காலமாகக் கூரைச் சூரிய மின்தகடுகள் பெருகி வருகின்றன. 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்துக்குப் பிறகு இன்னும் கூடுதலாக. விடிந்ததும் தொடங்கி, மேகம் மறைத்தால் மாறி, பொழுது சாய்ந்ததும் நின்றுவிடும் இரைச்சல் என்றால் சூரிய இன்வெர்ட்டரையோ, தகடுதோறும் பொருத்தப்படும், அதன் மின் உற்பத்தியைச் சீராக்கும் ஆப்டிமைசரையோ சந்தேகிக்கலாம். உங்கள் வீட்டில் தகடு பொருத்தப் போகிறீர்கள் என்றால், அதற்கு முந்தைய வாரமே ஒவ்வொரு பேண்டிலும் இரைச்சல் எவ்வளவு என்று எழுதி வையுங்கள். தகட்டிலிருந்து இறங்கும் நேர்மின், எதிர்மின் கேபிள்கள் இரண்டையும் அகலப் பிரித்து ஓட்டாமல் ஒட்டி இணைத்தே கொண்டுவரவும், இன்வெர்ட்டரின் இரு பக்கமும் இரைச்சல் வடிகட்டி இருப்பதை உறுதிசெய்யவும், வேலை தொடங்கும் முன்பே நிறுவனத்தாரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கேபிளைச் சுவரில் பதித்த பிறகு இதைச் சரிசெய்வது இரட்டிப்புச் செலவு.