ஏகியூ: சதுப்பு நிலத்துக் காய்ச்சலின் பழைய பெயர்

டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' தொடக்கத்திலேயே, கென்ட் சதுப்பில் ஒளிந்திருக்கும் கைதி வெடவெடவென்று நடுங்கிக்கொண்டே சாப்பிடுவான், சிறுவன் பிப் அவனைப் பார்த்து உங்களுக்கு 'ஏகியூ' வந்திருக்கிறது போல, இந்த இடம் அதற்குப் பேர்போனது என்பான். படிப்பவர்கள் ஏதோ குளிர் என்று தாண்டிப் போய்விடுவார்கள். தினமும் காய்ச்சல்காரர்களைப் பார்க்கிற டாக்டருக்கு அது மலேரியா என்று கேட்கும்.

லத்தீனில் 'ஃபெப்ரிஸ் அக்யூட்டா' என்றால் கடுங்காய்ச்சல். பிரெஞ்சில் காய்ச்சல் உதிர்ந்துபோய் 'கடும்' மட்டும் மிஞ்சியது, அதுவே 'ஏகியூ' என்று நோயின் பெயராக ஆங்கிலத்துக்கு வந்தது. நாங்கள் கேஸ் ஷீட்டில் எழுதும் 'அக்யூட்' இதன் உடன்பிறப்புதான். ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்' நாடகத்தில் பயத்தில் நடுங்கும் காலிபனைப் பார்த்து, ஏகியூதான் என்று முடிவுகட்டி வாயில் மதுவை ஊற்றுகிறான் குடிகார ஸ்டெஃபானோ. வைத்தியம் அபாரம்!

நடுக்கம் தரும் எந்தக் காய்ச்சலையும் அன்று இப்படி அழைத்தார்கள், அதனால் எல்லா ஏகியூவும் மலேரியா இல்லை. 'டெர்ஷன்' என்ற அடைமொழி சேர்ந்தால் சந்தேகம் வலுக்கும்: காய்ச்சல் வந்த நாளையும் சேர்த்து எண்ணி மூன்றாம் நாள், அதாவது ஒருநாள் விட்டு ஒருநாள், நாம் முறைக்காய்ச்சல் என்கிறோமே அதுதான். 1820இல் பிரான்சில் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து மலேரியா மருந்தான குவினைனைப் பிரித்தெடுத்தார்கள், இங்கிலாந்தில் சதுப்புகளும் வடிக்கப்பட்டன, நோய் குறையக் குறைய அந்தச் சொல்லும் வழக்கொழிந்தது.

சரி, இதை ஏன் எழுதுகிறேன் என்றால், முறை பிடித்தால்தான் மலேரியா என்று இன்னமும் காத்திருக்கிறார்கள். முதல் சில நாட்களில் முறை தெரியாது, ஃபால்சிபாரம் என்ற கிருமியால் வரும் மலேரியா வகையில் பெரும்பாலும் அமையவே அமையாது, அதுதான் மூளை வரை போய் ஆளைச் சாய்க்கும் வகை, போதாததற்கு நடுவில் போடும் பாராசிட்டமால் இருக்கிற கணக்கையும் கலைத்துவிடும். நடுக்கத்தோடு காய்ச்சலா, அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். எங்கள் வீட்டுப் பக்கம் சாக்கடையே இல்லையே என்று சென்னையில் சொல்வார்கள், ஆனால் இங்கே மலேரியா பரப்பும் கொசு மூடாத மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் உள்ள நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

அப்புறம் மாத்திரை. வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியாக் கிருமி கல்லீரலில் பதுங்கியிருந்து சில மாதம் கழித்துத் திரும்ப வரும், அதை அழிக்கத்தான் 14 நாள் பிரைமாகுயின் தருகிறோம். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு இந்த மாத்திரையால் ரத்த அணுக்கள் உடையலாம், கர்ப்பிணிகளுக்குத் தருவதில்லை, ஆகவே டாக்டரிடம் கேட்காமல் இதை வாங்கிப் போடாதீர்கள். எழுதிக் கொடுத்திருந்தால் மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிறுத்தாதீர்கள்.