"சீனி வருத்தம் மாதிரித்தான் இதுவும்" என்றால் போதுமா?

"மனச்சோர்வும் சீனி வருத்தம் மாதிரித்தான், மூளையில் ஒரு இரசாயனம் குறைந்திருக்கு, மருந்து எடுத்தால் சரி." யாழ்ப்பாணத்தில் மனநலம் பற்றி நடக்கிற கூட்டங்களில் இப்படி யாராவது சொல்லிவிடுவார்கள். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். இது ஒரு வருத்தம் என்று விளங்கிவிட்டால் சனம் பழிக்காது, ஒதுக்கி வைக்காது என்ற நம்பிக்கை. உலகம் முழுக்கப் பல வருசமாக இதைத்தான் சொல்லி வருகிறார்கள், ஆனால் அளந்து பார்த்தால் கணக்கு அப்படி வரவில்லை.

அளப்பது எப்படி? அமெரிக்காவில் பெர்னிஸ் பெஸ்கோசோலிடோ என்ற சமூகவியலாளரின் குழு செய்த விதம் சுவாரசியமானது. நோயின் பெயரைச் சொல்லாமல் ஒருவருடைய நிலைமையை மட்டும் வாசித்துக் காட்டுவார்கள்: நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனம் போகவில்லை. பிறகு கேள்வி. இது ஏன் வந்தது என்று நினைக்கிறீர்கள்? இவருக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பீர்களா? இவரோடு வேலை செய்வீர்களா? உங்கள் குடும்பத்தில் கலியாணம் கட்டச் சம்மதிப்பீர்களா? 1996இல் கேட்டதையே 2006இலும் கேட்டார்கள். மனச்சோர்வுக்கு மூளை சார்ந்த காரணம் சொன்னவர்கள் நூற்றுக்கு 54இலிருந்து 67 ஆகக் கூடினார்கள், வைத்தியரிடம் போகச் சொன்னவர்களும் கூடினார்கள். ஒதுங்கி நிற்கிற மனம் மட்டும் குறையவில்லை.

காரணம் ஓரளவு விளங்கியிருக்கிறது. இந்த விசயத்தில் நடந்த பல பரிசோதனைகளை 2013இல் குவாலே, ஹஸ்லம் ஆகிய உளவியல் ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். மூளை, மரபணு என்று விளக்கம் கொடுத்தால் "அவனே தேடிக்கொண்டான்" என்ற பழி குறைகிறது, அது உண்மை. ஆனால் அதோடு சேர்ந்து "அப்போ இது மாறாது" என்ற எண்ணமும் கூடுகிறது. பழி போன இடத்தில் அவநம்பிக்கை வந்து உட்கார்ந்துவிடுகிறது.

இதை எங்கள் ஊர்க் கலியாணப் பேச்சுக்குள் வைத்துப் பாருங்கள். சாதகம் பொருந்தி, சீதனமும் பேசி முடிந்த பிறகு, புறோக்கர் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "பரம்பரையில ஏதும் வருத்தம்...?" என்று இழுப்பார். மனச்சோர்வு மரபணுவில் வருகிறது என்று மேடையில் சொல்லிவிட்டுப் போனால் அந்தக் கேள்விக்கு விஞ்ஞானமே முத்திரை குத்திக் கொடுத்த மாதிரி. இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகளை 2000இல் தொகுத்தபோது மரபுவழிப் பங்கு சுமார் 37 சதவீதம் என்று வந்தது. தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வர 37 சதவீத வாய்ப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரு சனத்தொகையில் ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்தில் எவ்வளவு மரபணுவோடு சேர்ந்தது என்பதுதான் அந்த எண், மீதியில் பெரும்பங்கு ஒவ்வொருவருக்கும் வாழ்க்கையில் நடந்தவை. போர் முடிந்த கையோடு 2009இல் யாழ் மாவட்டத்தில் எடுத்த ஆய்வில் 22.2 சதவீதமானோருக்கு மனச்சோர்வு அறிகுறிகளும் 32.6 சதவீதமானோருக்குப் பதகளிப்பு (ஓயாத பதட்டம்) அறிகுறிகளும் இருந்தன. எல்லாருக்கும் திடீரென்று மரபணு மாறிவிட்டதா என்ன? (செரட்டோனின் என்ற மூளை இரசாயனம் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை என்று 2022இல் ஒரு பெரிய தொகுப்பாய்வு சொன்னது. மருந்து பலருக்குக் கைகொடுப்பது வேறு கதை, அதை வாசித்துவிட்டு யாரும் குளிசையை நிறுத்த வேண்டாம்.)

அப்போ எது வேலை செய்கிறது? ஒதுக்கலைக் குறைப்பதில் ஆதாரம் கூடிய வழி, வருத்தம் வந்து மீண்டவரோடு நேரடியாகப் பழகுவதுதான் என்று 2022இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு சொன்னது. சும்மா ஒரு நாள் பார்ப்பது போதாது, சரிசமமாக, ஏதாவது ஒன்றைச் சேர்ந்து செய்தால் நல்லது.

இங்கேதான் எங்களுக்குச் சிக்கல். மந்திகையில் மனநலக் கிளினிக்குக்குப் போகிறவர் பருத்தித்துறையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போகிறார். கிளினிக் கொப்பி அலுமாரியில் சேலைக்குக் கீழே. குளிசையை உறையிலிருந்து எடுத்து விற்றமின் போத்தலுக்குள் போட்டு வைப்பவர்களும் உண்டு. அவர் சுகமாகி, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார், வங்கியில் வேலை செய்கிறார், பிள்ளை வளர்க்கிறார், ஆனால் அவர் சுகமானவர் என்பது ஊருக்குத் தெரியாது, ஏனென்றால் அவருக்கு வருத்தம் வந்ததே ஊருக்குத் தெரியாது. ஊர் காண்பது மருந்தே கிடைக்காமல் பஸ் நிலையத்தில் திரிகிற ஒருவரை மட்டும்தான். கண்ணில் படுகிறதை வைத்துத்தானே சனம் முடிவு கட்டும், அது சுகமாகாத வருத்தம் என்று. அந்தப் பயத்தில் சுகமானவர்கள் இன்னும் ஒளிப்பார்கள். சங்கிலி இப்படியே சுத்துகிறது, இதை எந்தச் சுவரொட்டியாலும் வெட்ட முடியாது.

அமெரிக்கக் குழு 2018இல் மூன்றாம் முறை அதே கேள்விகளோடு போனது. மனச்சோர்வு உள்ளவரிடமிருந்து ஒதுங்குகிற மனம் முதல்முறையாகத் தெளிவாகக் குறைந்திருந்தது. 22 வருசம் பிடித்திருக்கிறது. உளப்பிளவு நோய் (ஸ்கிசோபிரேனியா) உள்ளவர்களை ஆபத்தானவர்களாகப் பார்ப்பதோ அதே காலத்தில் கூடித்தான் போனது.