உங்கள் அப்பா நடப்பார், நிற்பாரா?

சென்ற வாரம் மறுபடியும் நடந்துவிட்டது. 74 வயதுப் பெரியவர், அவருடைய மகன், மருமகள், பத்து வயதுப் பேத்தி. பழைய நகரத்தைச் சுற்றிக் காட்டும் மூன்று மணி நேரத் தனி நடைச்சுற்றுலா. வழிகாட்டி நான். முன்பதிவின்போதே மகனிடம் கேட்டிருந்தேன்: நீண்ட நேரம் நிற்பதிலோ படி ஏறுவதிலோ யாருக்காவது சிரமம் உண்டா? "அதெல்லாம் ஒன்றும் இல்லை மேடம். அப்பா தினமும் காலையில் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர். எங்களைவிட அவர்தான் திடமாக இருக்கிறார்" என்றார்.

நான்காவது நிறுத்தத்தில் பெரியவரின் வலது கை சுவரைத் தேடியது. முதலில் விரல் நுனிகள் மட்டும். பிறகு உள்ளங்கை. கொஞ்ச நேரத்தில் தோள்வரை சுவரோடு சாய்ந்துவிட்டார். நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டே இருந்தார். கண்கள் மட்டும் தெருவின் இரண்டு பக்கமும் அலைந்தன. பதினெட்டு ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். உட்கார இடம் தேடுகிறவரின் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். மகன் நுழைவாயில் வளைவைப் படமெடுக்கப் போன நேரம் பார்த்து என் பக்கத்தில் வந்தார்.

"இன்னும் எத்தனை இடத்தில் நிற்க வேண்டும் அம்மா?"

ஐந்து என்றேன்.

"சரி. அவனிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். ஆசை ஆசையாகப் பணம் கட்டிக் கூட்டி வந்திருக்கிறான்."

சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, உதடு வெளுத்திருந்தது. சொல்லாமல் இருக்க முடியுமா? மகனைக் கூப்பிட வாய் திறப்பதற்குள் பெரியவரின் முழங்கால் மடங்கிவிட்டது. இருவருமாகத் தாங்கிப் பிடித்து, நிழலில் படுக்க வைத்துக் காலைத் தூக்கிவைத்தோம். சில நிமிடங்களில் முகம் தெளிந்தது. அன்றே மருத்துவரிடம் காட்டினார்கள், பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் தலை கல்லில் மோதியிருந்தால்? இந்தப் பருவத்தில் இப்படி நடப்பது இது மூன்றாவது முறை. மூன்று குடும்பங்களும் என்னிடம் சொன்னது அதே வாக்கியம்: "அப்பா நன்றாக நடப்பார்."

நடப்பார், நான் மறுக்கவில்லை. நான் கேட்டது அதுவல்ல.

இதை எத்தனை முறை விளக்கினாலும் எடுபடவில்லை, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். மூன்று மணி நேர நடைச்சுற்றுலாவில் நாம் நடக்கும் தூரம் மூன்று கிலோமீட்டர், மிஞ்சினால் மூன்றரை. சாதாரண வேகத்தில் நடந்தால் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் தூரம். மீதி இரண்டேகால் மணி நேரம் என்ன செய்கிறோம்? நிற்கிறோம். கோபுரத்தை அண்ணாந்து பார்த்து நிற்கிறோம், கல்வெட்டின் முன்னால் நிற்கிறோம், டிக்கெட் வரிசையில் நிற்கிறோம், பேத்தி புறாவுக்குப் பின்னால் ஓடிவிட்டுத் திரும்பி வரும்வரை நிற்கிறோம். நடைச்சுற்றுலா என்று பெயர் வைத்தவர்கள் யாரோ தெரியாது. என்னைக் கேட்டால் நிலைச்சுற்றுலா என்றே வைத்திருப்பேன். ஐந்து கிலோமீட்டர் நடக்கிறவருக்கு ஐந்து நிமிடம் அசையாமல் நிற்பது கடினமாக இருக்கலாம். இது வேறு, அது வேறு. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நிற்கும்போது அவ்வளவாகத் தள்ளுவதில்லை, இரத்தம் காலிலேயே தங்குகிறது. அவ்வளவுதான் விஷயம்.

வயதானவர்களுக்கு மட்டும் வருவதல்ல இது. 2023 ஜூனில் லண்டனில் இளவரசர் வில்லியம் பார்வையிட்ட அணிவகுப்பு ஒத்திகையில், வெயிலில் கம்பளிச் சீருடையும் கரடித்தோல் தொப்பியுமாக நின்ற வீரர்கள் சிலர் மயங்கி விழுந்தார்கள். பயிற்சி பெற்ற இளம் சிப்பாய்கள். அவர்களை யாராவது நடக்கத் தெரியாதவர்கள் என்பார்களா? இரத்த அழுத்தத்துக்கும் நீர் பிரியவும் மாத்திரை சாப்பிடுகிற 74 வயதுக்காரரை அதே வெயிலில் நிறுத்திவைத்து நான் நானூறு ஆண்டு வரலாறு சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். கேட்கிறவருக்கு அந்த வரலாற்றில் ஒரு வரியாவது காதில் விழுமா?

எனக்கு அதிகம் வலிப்பது இன்னொன்று. தனிச் சுற்றுலா எதற்காக? பொதுக் குழுவில் போனால் இருபது பேரின் வேகத்துக்கு நீங்கள் ஓட வேண்டும். வெனிஸ் நகராட்சி 2024-இல்தான் சுற்றுலாக் குழுக்களை 25 பேருக்குள் கட்டுப்படுத்தி ஒலிபெருக்கியையும் தடை செய்தது. அதற்கு முன்பு அந்தக் குறுகிய பாலங்களில் எவ்வளவு பெரிய கூட்டங்கள் நெருக்கியடித்தன என்பதை அதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட கூட்டத்தில் ஒருவருக்குக் கால் வலித்தால் குழு நிற்காது. தனிச் சுற்றுலாவில் நிற்கும். உட்காரும். பாதியில் திரும்பும். கூடுதல் பணம் கொடுத்து நீங்கள் வாங்குவது அந்தச் சுதந்திரத்தைத்தான். அதை வாங்கிவிட்டு, கட்டிய பணம் வீணாகக் கூடாது என்று ஒன்பது இடங்களையும் ஓடி முடிக்கச் சொன்னால் என்ன பயன்? ஓர் இடத்தை விட்டுவிட்டால் வழிகாட்டிக்கு நஷ்டமில்லை, வருத்தமும் இல்லை. உட்கார்ந்தபடி கேட்கிறவர்களுக்குத்தான் நாங்கள் நன்றாகவே சொல்வோம். தொழிலில் இருக்கும் எவரைக் கேட்டாலும் இதை ஒப்புக்கொள்வார்கள்.

தரையைப் பற்றிக் கொஞ்சம். பழைய நகரங்களின் தரை உங்கள் வீட்டு வாசல் போன்றதல்ல. ரோமில் சம்பியத்ரீனி என்ற சிறுசிறு கருங்கல் துண்டுகளைப் பாவியிருப்பார்கள். ஒவ்வொன்றின் தலையும் லேசாகப் புடைத்திருக்கும், பாதம் ஒவ்வோர் அடியிலும் ஒரு பக்கம் சாயும். லிஸ்பனின் நடைபாதைகள் சுண்ணாம்புக் கல். பல தலைமுறைக் கால்கள் பட்டு வழவழத்தவை, மழை பெய்தால் வழுக்கும், அதுவும் இறக்கமான தெருக்களில். குரோஷியாவின் துப்ரோவ்னிக் கோட்டை மதிலைச் சுற்றி வரும் பாதை இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால் வழி நெடுகப் படிகள், நிழலோ மிகக் குறைவு. இங்கெல்லாம் புதுச் செருப்பு, குதிகால் உயர்ந்த காலணி, தோல் அடிப்பாகம் உள்ள ஷூ எதுவும் ஆகாது. படத்தில் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் புதுக் காலணியில் வந்து, ஒரு மணி நேரத்தில் குதிகாலில் தோலுரிந்து, மீதி நேரம் முழுவதும் முகம் சுளித்தபடி நடந்தவர்களை நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். பழகிய, ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணி. வேறு பேச்சே இல்லை.

உயரத்தையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. யுனெஸ்கோ 1978-இல் முதன்முதலாக உலகப் பாரம்பரியப் பட்டியல் போட்டபோது அதில் இரண்டு பழைய நகர மையங்கள் இருந்தன: போலந்தின் கிராக்கோவ், ஈக்வடாரின் கீட்டோ. கிராக்கோவில் சமதளச் சதுக்கத்தில் நிம்மதியாக உலாவலாம். கீட்டோ கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,850 மீட்டரில் இருக்கிறது. பெருவின் குஸ்கோ இன்னும் மேலே, ஏறத்தாழ 3,400 மீட்டர். காலையில் விமானத்தில் இறங்கி மதியம் நடைச்சுற்றுலா போட்டால் இருபது வயதுக்காரருக்கும் தலை சுற்றும், மூச்சு வாங்கும். அப்படிப்பட்ட ஊர்களில் முதல் நாளை ஓய்வுக்கு விடுங்கள். இதயமோ நுரையீரலோ தொல்லை தருகிறவர்கள் பயணத்துக்கு முன்பே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

வெயில். 2023 ஜூலை வெப்ப அலையின்போது ஏதென்ஸில் அக்ரோபொலிஸ் என்ற பழங்காலக் குன்றுக் கோட்டையையே நண்பகல் நேரங்களில் மூடினார்கள். அரசாங்கமே கதவைச் சாத்தும் நேரத்தில் நீங்கள் ஏன் தெருவில் நிற்க வேண்டும்? கோடையில் பத்து மணிக்குத் தொடங்கும் சுற்றுலாவை ஒப்புக்கொள்ளாதீர்கள். விடுதியில் காலை உணவு முடிய ஒன்பதரை ஆகிவிடும் என்கிறார்கள். ஒரு நாள் சீக்கிரம் எழுந்தால் என்ன? ஏழு மணிக்குப் பழைய நகரம் காலியாக இருக்கும். கல் குளிர்ந்திருக்கும், வெளிச்சம் சாய்வாக விழுந்து சுவரில் உளித்தடம்கூடத் தெரியும். பகல் முழுவதும் வெயில் குடித்த கல், சாயங்காலம் ஆறு மணிக்கும் அனல் கக்கும். அதனால் மாலைதான் பாதுகாப்பு என்று நினைப்பதும் பாதிதான் சரி.

இனி, குடும்பத்தில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்று. பெரியவர்கள், முக்கியமாகப் பெண்கள், வெளியே கிளம்பும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. வழியில் கழிப்பறைக்குப் போக வேண்டி வந்தால் யாரிடம் கேட்பது என்ற கூச்சம். சென்ற வாரத்துப் பெரியவரும் காலையில் அரைக் கோப்பைக் காப்பியோடு வந்தவர்தான், பிறகுதான் தெரிந்தது. தயவுசெய்து இந்தக் கூச்சத்தை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வழிகாட்டியின் மனத்திலும் கழிப்பறைகளின் வரைபடம் ஒன்று இருக்கிறது. எது சுத்தம், எதில் படி இல்லை, எது எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது வரை. கேட்கக்கூட வேண்டாம், சுற்றுலா தொடங்கும்போதே "நடுவில் இரண்டு முறை நிறுத்துங்கள்" என்று சொன்னால் போதும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே வாருங்கள். நீரைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அளவு கொடுத்திருந்தால் அந்த அளவை எனக்குச் சொல்லுங்கள், நிழலையும் நேரத்தையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்வேன். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் சாப்பிடாமல் வராதீர்கள். பையில் இனிப்பு ஏதாவது இருக்கட்டும்.

எங்கள் கவலை இன்னொன்றையும் சொல்கிறேன். பழைய நகரங்களில் ஆம்புலன்ஸ் எல்லா இடத்துக்கும் வராது. மொராக்கோவின் ஃபெஸ் பழைய நகரச் சந்துகளில் கார் நுழையவே முடியாது, சரக்குகள் கழுதை முதுகில் போகின்றன. வெனிஸில் ஆம்புலன்ஸே படகுதான். அதனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் என் வாய் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது, மனம் பக்கத்தில் எந்த முனை வரை வண்டி வரும் என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். உங்கள் உடல்நிலை தெரிந்தால் அந்த முனையை விட்டு அதிக தூரம் போகாத வழியைத் தேர்வேன். மறைத்தால் எனக்கு எப்படித் தெரியும்? மார்பு வலி, பேச்சுக் குழறல், தடுமாற்றமான பேச்சு, ஒரு பக்கம் கை கால் தளர்வது: இவற்றில் எது வந்தாலும் "கொஞ்சம் பார்க்கலாம்" என்று காத்திருக்காதீர்கள். உடனே அவசர உதவியை அழைக்க வேண்டும். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது பட்டியலில் எத்தனை இடம் இருக்கிறது என்று எண்ணாதீர்கள். உரிமம் தேவைப்படும் ஊரானால் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: "எங்கெங்கே உட்காருவோம்?" உடனே நான்கு இடம் சொல்கிறவர் அந்த ஊரைக் காலால் அறிந்தவர். செக் நாட்டுத் தலைநகர் பிராகாவின் வானியல் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஒருமுறை பொம்மைகள் அசைவதைப் பார்க்கக் கூட்டம் அரை மணி முன்பிருந்தே கழுத்து வலிக்க நிற்கும். காட்சி ஒரு நிமிடம்தான். நல்ல வழிகாட்டி உங்களைத் தள்ளி உட்காரவைத்துக் கதையை முடித்துவிட்டு, ஐந்து நிமிடம் இருக்கும்போது அழைத்துப் போவார். அந்தக் கதையும் சரியாக இருக்கும். கடிகாரத்தைச் செய்த ஹனுஷ் என்பவரின் கண்களைக் குருடாக்கினார்கள் என்று இன்றும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 1410-இல் அதைச் செய்தவர் கடான் ஊர் மிக்குலாஷ், யாரும் அவரைக் குருடாக்கவில்லை.

மகன்களே, மகள்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அப்பாவிடமும் அம்மாவிடமும் எல்லோர் முன்னிலையிலும் "உங்களால் முடியும்தானே?" என்று கேட்காதீர்கள். முடியும் என்றுதான் சொல்வார்கள், உங்களுக்காகச் சொல்வார்கள். தனியாக இருக்கும்போது கேளுங்கள். கேள்வியையும் மாற்றிக் கேளுங்கள்: வங்கி வரிசையில் இருபது நிமிடம் எதையும் பிடிக்காமல் நிற்க முடிகிறதா? கடைசியாக எப்போது தலை சுற்றியது? புதிதாக என்ன மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள்? பதிலை அப்படியே எனக்கு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். நான் அதை யாரிடமும் சொல்ல மாட்டேன். பெரியவரைத் தனியாகக் கைத்தாங்கலாக அழைத்துப் போய் எல்லோர் முன்பும் சங்கடப்படுத்தவும் மாட்டேன். வழியை மாற்றுவேன், அவ்வளவுதான்.

சென்ற வாரத்துக் குடும்பம் மூன்று நாள் கழித்து மறுபடி வந்தது, மருத்துவர் சரி என்ற பிறகு. காலை ஏழு மணி. என் தோளில் மடக்கு முக்காலி ஒன்று. மீதி இருந்த ஐந்து இடங்களில் இரண்டை விட்டுவிட்டோம். மூன்றாவதில் பெரியவர் முக்காலியில் உட்கார்ந்து, அன்று சாய்ந்து நின்ற அதே வகைக் கல்லில் விரலை ஓட்டிப் பார்த்தார். முதல் நாள் ஒரு கேள்விகூடக் கேட்காதவர், பேத்தியின் விரலையும் பிடித்து அந்த உளித்தடத்தின் மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்: "இது பட்டை உளியா, கூர் உளியா அம்மா?"