உச்சிக்குழி என்றால் குழியா?

கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் அக்கா மகளுக்கு 29 வாரத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. மூன்றாம் நாள் மூளையை ஸ்கேன் பார்க்க வேண்டும் என்றார்கள். "பச்ச மண்ணுடா, அந்தப் பெரிய மெஷினுக்குள்ள எப்படி வைப்பாங்க?" என்று அக்கா அரண்டுபோனாள். மலையாள நர்ஸ் சிரித்துக்கொண்டே, "பேடிக்கண்டா அம்மே, நெறுக வழியாப் பாத்துடலாம்" என்றார். சீட்டில் எழுதியிருந்தது 'ஆன்டீரியர் ஃபான்டனெல்'. "நம்ம உச்சிக்குழிதான்க்கா" என்றேன். அப்புறம்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

லத்தீனில் 'ஃபோன்ஸ்' என்றால் ஊற்று. அது பிரெஞ்சு வழியாக வந்து, 'சின்ன ஊற்று' என்ற பொருளில் ஃபான்டனெல் ஆனது. ஆங்கில 'ஃபவுன்டன்' இதற்கு உறவுக்காரச் சொல். பச்சிளங்குழந்தையின் உச்சியில் தோல் மெல்லத் துடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் பொருத்தமாகவே தோன்றும்.

தமிழில் உச்சி என்பது தலையின் மேற்புறம். உச்சிவெயில், மலையுச்சி எல்லாம் அதன் வழி வந்தவை. குழந்தையை உச்சி முகர்வது என்று தனியாகவே ஒரு வினை வைத்திருக்கிறோம். எல்லைக்கு அந்தப் பக்கம் நெறுக என்கிறார்கள். குளிப்பாட்டியதும் ராஸ்னாதி என்ற ஆயுர்வேதப் பொடி தேய்ப்பது அங்கேதான்.

மண்டை ஓடு பிறக்கும்போது ஒரே ஓடாக இருப்பதில்லை. எலும்புத் தகடுகள் கூடும் இடங்களில் உறுதியான சவ்வு மட்டும் இருக்கும். முன்னால் இருப்பதுதான் உச்சிக்குழி, சாய்சதுர வடிவம். பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் மூடிவிடும். பின்னால் இருப்பது சிறிய முக்கோணம். இரண்டு மூன்று மாதத்தில் மறைந்துவிடும். எண்ணெய் ஊற்றினால் குழி நிரம்பும் என்பார்கள் பாட்டிமார்; நிரம்பாது. எலும்பு வளர்ந்துதான் மூட வேண்டும்.

எலும்பைத் தாண்ட மீயொலிக்கு (அல்ட்ராசவுண்டுக்கு) சிரமம், சவ்வைத் தாண்டச் சுலபம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் குழந்தையைத் தூக்காமலேயே, உச்சியில் கொஞ்சம் ஜெல் தடவி, கருவியின் சின்ன முனையை வைத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். ஐந்தாறு நிமிடம்தான். குழந்தை ஒரு தடவை கொட்டாவி விட்டதோடு சரி.

தேடுவது ரத்தக் கசிவை. 32 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தைகளுக்கு மூளைக்குள் நீர் நிறைந்திருக்கும் அறைகளை ஒட்டிய ரத்தக்குழாய்கள் மிக மெல்லியவை; முதல் சில நாள்களில்தான் உடையும் ஆபத்து அதிகம். மருத்துவர் லூ ஆன் பாப்பைல் குழுவினர் 1978-இல், 1,500 கிராமுக்குக் குறைவான குழந்தைகளை சி.டி. ஸ்கேனில் பார்த்து இந்தக் கசிவை நான்கு நிலைகளாகப் பிரித்தார்கள். பிறகு படம் எடுக்கும் முறை மீயொலிக்கு மாறியும் அந்த நான்கு நிலைகள் நிலைத்துவிட்டன. எங்கள் குழந்தைக்கு முதல் நிலை, அதாவது அறைக்குள் இறங்காத கசிவு.

மீயொலியில் பிடிபடாததும் உண்டு. ஆய்வாளர்கள் லியான் உட்வார்ட், டெர்ரி இன்டர் குழுவினர் 30 வாரத்துக்குள் பிறந்த 167 குழந்தைகளுக்கு, பிறந்திருக்க வேண்டிய நாளை ஒட்டி எம்.ஆர்.ஐ. எடுத்து, இரண்டு வயதில் அவர்களின் வளர்ச்சியோடு ஒப்பிட்டார்கள். மூளையின் வெண்பொருளில், அதாவது நரம்பிழைகள் ஓடும் பகுதியில், பாதிப்பு கூடக்கூடப் பின்னால் வளர்ச்சியில் தாமதமும் கூடியது என்று 2006-இல் வெளியிட்டார்கள். இந்தப் படத்துக்குப் பெரும்பாலும் மயக்க மருந்துகூட வேண்டாம். பால் கொடுத்து, காதை மூடி, துணியில் இறுக்கிச் சுற்றித் தூங்க வைத்தாலே போதும். நம் பாட்டிமார் செய்கிற அதே வேலை!

சரி, சொல்லுக்கு வருவோம். 'மூளைச் சாளரம்' என்று யாராவது புதிதாக ஆக்கித் தந்தால் நான் வாங்கமாட்டேன். உச்சிக்குழி இருக்கும்போது அது எதற்கு? ஆனால் குழியில் ஒரு சிக்கல் இருக்கிறது. நிமிர்த்திப் பிடித்த, அழாத குழந்தைக்கு அந்த இடம் ஏறக்குறையச் சமமாக, லேசான பள்ளத்தோடு இருக்கும். ரொம்ப உள்வாங்கினால் உடம்பில் நீர் வற்றியிருக்கலாம். புடைத்து இறுகினால் தலைக்குள் அழுத்தம் ஏறியிருக்கலாம். இரண்டுக்கும் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். 'உச்சிக்குழி புடைத்திருக்கிறது' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறும். அதனால் உறுப்புக்குப் பெயர் உச்சிக்குழி என்றே இருக்கட்டும். நிலையைச் சொல்லும்போது மட்டும் 'உச்சி புடைத்திருக்கிறது', 'உச்சி உள்வாங்கியிருக்கிறது' என்கிறேன். அக்காவும் தினமும் மகளுக்குப் போன் போட்டு முதலில் கேட்பது, "உச்சி சமமா இருக்கா?"