கடல்மீன் குஞ்சுக்கு உயிர் உணவு: முட்டைக்கு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள்

கோமாளி மீன் முட்டையிட்டால் 7 முதல் 10 நாளில், இருட்டிய ஓரிரு மணி நேரத்துக்குள், குஞ்சுகள் வெளிவந்துவிடும். முட்டையைப் பார்த்த பிறகு, குஞ்சின் முதல் இரையான ரோட்டிஃபர் என்ற மிக நுண்ணிய நீர்வாழ் உயிரைத் தேடிக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஈட்டுக் குஞ்சுகளையே இழந்துவிடுகிறார்கள். புதிதாகப் பொரித்த குஞ்சு தன் முன்னால் அசைகிற இரையைத்தான் கொத்தும். எவ்வளவு நைசாக அரைத்தாலும் பொடித் தீவனம் அதற்கு இரையாகத் தெரிவதில்லை. நுண்பாசி கரும்பச்சையாகத் திரள ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதைத் தின்று ரோட்டிஃபர் பெருக இன்னும் ஒன்றிரண்டு வாரம் வேண்டும். அதனால் ஜோடி சேர்ந்ததுமே இந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

எவ்வளவு ரோட்டிஃபர் தேவை என்பதை முதலில் கணக்கிடுங்கள். குஞ்சுத் தொட்டியில் மில்லிக்கு 5 முதல் 10 ரோட்டிஃபர் எப்போதும் இருக்க வேண்டும். 50 லிட்டர் தொட்டிக்கு 10 என்று வைத்தால் 5 லட்சம். மில்லிக்கு 100 அடர்த்தியுள்ள 20 லிட்டர் வாளியில் 20 லட்சம் இருக்கும். அதில் நாளுக்கு கால் பங்கு, அதாவது 5 லிட்டர் எடுத்தால் கணக்குச் சரியாகிவிடும். ஆகவே வாளி ஒன்று போதும். ஆனாலும் இரண்டு வையுங்கள். என்றாவது ஒரு நாள் ஒன்று சரியும்.

ரோட்டிஃபருக்கு உணவாகும் பாசிக்கு நானோகுளோராப்சிஸ் என்ற வகைதான் எளிது. ஆயிரத்துக்கு 20 முதல் 25 உப்புத்தன்மையில் தண்ணீர் கலந்து, லிட்டருக்கு ஒரு மில்லி வீதம் வாசனை சேர்க்காத 5 சதவீத ப்ளீச் ஊற்றி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் போட்டு, குளோரின் துளியும் இல்லை என்று சோதனைக் கிட்டில் பார்த்த பிறகு, எஃப்/2 என்ற பாசி வளர்ப்பு உரத்தைப் புட்டியில் எழுதியுள்ள அளவில் சேர்த்துப் பாசி விதையை, அதாவது உயிருள்ள தொடக்கப் பாசியை, ஊற்றவும். ப்ளீச் பட்ட பாத்திரத்தில் அந்த ஈரத்தோடு வினிகரை ஊற்றிவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். காற்று வெறும் குழாய் வழியே பெரிய குமிழிகளாக வரட்டும், ஏர் ஸ்டோன் வேண்டாம். 16 மணி நேர வெளிச்சம், 25 டிகிரியை ஒட்டிய வெப்பம் போதும். கரும்பச்சை ஆனதும் பாதியை எடுத்துவிட்டு, அதே முறையில் சுத்தம் செய்த தண்ணீரும் உரமும் சேர்க்கவும். ஒரு சிறு புட்டியை மூடியைத் தளர்த்திக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, தினமும் ஒரு முறை குலுக்கிவிடுங்கள். எல்லாம் போனாலும் அந்த விதை கைகொடுக்கும்.

வீட்டில் பாசி கெடுவதற்குப் பெரிய காரணம் ரோட்டிஃபரே அதற்குள் புகுந்துவிடுவதுதான். வாளியில் குமிழி வெடிக்கும்போது தெறிக்கும் நுண்துளி போதும். காற்றுக்குழாய் வழியாகவும் அது பயணம் செய்யும். இரண்டுக்கும் ஒரே ஏர் பம்ப்பைப் பயன்படுத்தாதீர்கள். முடிந்தால் பாசியை வேறு அறையில் வையுங்கள். தினசரி வேலையில் பாசியை முதலில் முடித்துவிட்டு அதன்பின் ரோட்டிஃபரிடம் போக வேண்டும், ஒருநாளும் மாற்றிச் செய்யக்கூடாது. பாசிப் புட்டியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் நீந்தினால் அந்தப் புட்டி இனி ரோட்டிஃபருக்கு உணவாகத்தான் ஆகும்.

ரோட்டிஃபர், ஜப்பானில் விலாங்கு மீன் குளங்களில் தொல்லையாகக் கருதப்பட்ட உயிர். பிறகுதான் அதன் பயன் தெரிந்தது. பெண்கள் ஆண் துணையின்றியே முட்டையிட்டுப் பெருகும். 25 முதல் 28 டிகிரியில், தண்ணீர் எப்போதும் இளம்பச்சையாக இருக்கும்படி நாளுக்கு இரண்டு முறை பாசி ஊற்றவும். அறுவடைக்கு 53 மைக்ரான் சல்லடை. வடிந்த தண்ணீரைக் கீழே கொட்டிவிடுங்கள். அமோனியா அதில்தான் இருக்கிறது.

வெறும் எண்ணிக்கையை நம்பாதீர்கள். ஒரு மில்லி எடுத்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு, உருப்பெருக்கியில் 100 ரோட்டிஃபரைப் பார்த்து, அவற்றில் எத்தனை முட்டை சுமக்கின்றன என்று எண்ணுங்கள். 30க்கு மேல் இருந்தால் வாளி நலம். 15க்குக் கீழே இறங்கினால், கூட்டம் இன்று அடர்த்தியாகத் தெரிந்தாலும் சில நாளில் சரியப்போகிறது என்று பொருள். சிறிய, வேகமாக ஓடுகிற ஆண்கள் தென்பட்டாலும் அதே எச்சரிக்கைதான். அளவுக்கு மீறி ஊட்டியது, அடியில் தேங்கிய கழிவு, அறுவடை செய்யாமல் விட்டது ஆகியவையே வழக்கமான காரணங்கள். குற்றிழை உயிரிகள் (சிலியேட் என்ற ஒரு செல் உயிர்கள்) மொய்த்திருந்தால் சல்லடையில் ரோட்டிஃபரை நிறுத்திச் சுத்தமான உப்புநீரில் நன்றாகக் கழுவுங்கள். பெரும்பாலானவை வடிந்துவிடும். மீந்ததைப் புதிய வாளிக்கு மாற்றுங்கள்.

இன்னொன்று பலர் கவனிக்காதது. வாளியின் உப்புத்தன்மை 20, குஞ்சுத் தொட்டியினுடையது 35 என்றால், மாற்றியவுடன் ரோட்டிஃபர் நீந்துவதை நிறுத்தி அடியில் படிந்துவிடும். குஞ்சு அதைக் கண்டுகொள்ளாது. ஐந்தைந்தாகச் சில மணி நேர இடைவெளியில் உயர்த்தியபின் விடுங்கள்.

வயிறு நிரம்பியும் குஞ்சுகள் உருமாற்றத்தின்போது கொத்தாகச் செத்தால் உணவின் தரத்தைச் சந்தேகியுங்கள். ரொட்டி ஈஸ்ட் போட்டால் ரோட்டிஃபர் மளமளவென்று பெருகும். ஆனால் கடல்மீன் குஞ்சுக்கு அவசியமான டிஎச்ஏ, ஈபிஏ கொழுப்பு அமிலங்கள் ஈஸ்டில் கிடையாது. தண்ணீரும் சீக்கிரம் கெடும். மலிவு என்பதற்காக அதைப் பரிந்துரைப்பதை நாங்கள் ஏற்பதில்லை. நானோகுளோராப்சிஸில் ஈபிஏ நிறைய உண்டு, டிஎச்ஏ இல்லை என்றே சொல்லலாம். டிஎச்ஏ, ஐசோகிரைசிஸ் என்ற இன்னொரு நுண்பாசியில் கிடைக்கும். இரண்டையும் சேர்த்து ஊட்டுங்கள், அல்லது குஞ்சுக்குக் கொடுக்கும் முன் ரோட்டிஃபரைச் சில மணி நேரம் இந்தக் கொழுப்பு அமிலங்கள் உள்ள செறிவூட்டல் திரவத்தில் வையுங்கள். பட்டினி கிடக்கும் ரோட்டிஃபரின் சத்து சில மணி நேரத்திலேயே இறங்கிவிடும் என்பதால் குஞ்சுத் தொட்டியிலும் இளம்பச்சையாகப் பாசி இருக்கட்டும்.

ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறால் ஏறத்தாழ ஐந்தாம் நாளுக்கு மேல்தான், அதுவும் ரோட்டிஃபரோடு சில நாள் சேர்த்துக் கொடுத்து. கவிழ்த்த புட்டியில் லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் முட்டை, 25 முதல் 30 உப்புத்தன்மை, 28 டிகிரி, பலமான காற்று, வெளிச்சம். 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தினால் ஓடுகள் மேலே மிதக்கும், நாப்ளிகள் (புதிதாகப் பொரித்த இளம் உயிர்கள்) கீழே இறங்கும். பத்து நிமிடத்துக்கு மேல் விட்டால் மூச்சு முட்டிச் செத்துவிடும். ஓட்டைத் தின்ற குஞ்சுக்குக் குடல் அடைத்துக்கொள்ளும், அதனால் பிரிப்பதில் சோம்பல் கூடாது. பொரித்தவுடன் நாப்ளிக்கு வாய் திறந்திருக்காது. எட்டு மணி நேரம் கழிந்து முதல் தோலுரித்த பிறகுதான் செறிவூட்டல் பலிக்கும்.

குள்ள ஏஞ்சல், டேங் போன்ற மீன்களின் குஞ்சு வாய்க்கு ரோட்டிஃபரே பெரிது. 2015இல் ஹவாயின் ஓஷியானிக் இன்ஸ்டிடியூட் மஞ்சள் டேங்கை முட்டையிலிருந்து வளர்த்தபோது முதல் உணவாகக் கொடுத்தது கோபிபாட் என்ற நுண்ணிய ஓட்டுயிரின் நாப்ளிகளை. பர்வோகாலனஸ் என்கிற அந்த இனம் உயிருள்ள ஐசோகிரைசிஸைக் கேட்கும். ரோட்டிஃபர் அளவுக்கு அடர்த்தியாகப் பெருகவும் செய்யாது. கோமாளி மீனில் இரண்டு மூன்று ஈடுகளை ஒழுங்காகக் கரையேற்றிய பிறகு அதில் கை வைக்கலாம்.