வீட்டில் ஒருவருக்கு டிபி வந்தால் மற்றவர்களையும் ஏன் சோதிக்கிறார்கள்?

ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்ததும் பல வீடுகளில் முதல் வேலையாகத் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை. டிபி கிருமி பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு பரவுவதில்லை. இருமும்போது தெறிக்கும் நுண்துளிகள் காய்ந்து, காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்கில் மிதக்கும், அதை மூச்சில் இழுப்பவருக்குத்தான் தொற்றும். அதுவும் பெரும்பாலும், வெறும் சளிதான் என்று இருமல் மருந்து குடித்துக்கொண்டிருந்த மாதங்களிலேயே நடந்து முடிந்திருக்கும்.

நோயாளியை வீட்டிலிருந்து பிரிக்க வேண்டியதில்லை என்று உலகத்துக்குக் காட்டியது நம்ம சென்னைதான். 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், ஏழை நோயாளிகளில் ஒரு பாதிப்பேரை சானட்டோரியம் எனும் காசநோய் மருத்துவமனையிலும் மறுபாதியை நெரிசலான அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தை ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தது. குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. அதைவிட முக்கியமாக, நோயாளி வீட்டிலேயே இருந்ததால் குடும்பத்தினருக்குக் கூடுதலாக நோய் வரவும் இல்லை. மருந்து ஆரம்பித்தால் பரவுவது சட்டென்று குறைந்துவிடும், முன்பே தொற்றியிருந்தால் ஆளை வெளியே அனுப்பியும் பிரயோஜனமில்லை.

அதனால்தான் சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வருகிறார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்வை உண்டா என்று கேட்பார். கேள்வி மட்டும் போதாது. 2019-21 தேசியக் கணக்கெடுப்பில் கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் 40 சதவீதத்துக்கும் மேலானவர்கள் எக்ஸ்ரே எடுத்ததால்தான் அகப்பட்டார்கள். சந்தேகம் இருந்தால் சளியை ட்ரூநாட் மாதிரியான கருவியில் போடுவார்கள், அது கிருமியின் மரபணுவையே தேடும்.

நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மாத்திரை. கிருமி உள்ளே போன எல்லோருக்கும் நோய் வராது, நூற்றில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான், அதிலும் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள். அப்படி உள்ளே தூங்கும் கிருமியைக் கொல்ல வாரம் ஒரு முறை என 12 வாரம் சாப்பிடும் மருந்து இருக்கிறது. ஆனால் உள்ளே ஏற்கெனவே நோய் தொடங்கியிருப்பது தெரியாமல் ஒருவருக்கு இதைக் கொடுத்தால், மருந்துக்கு அடங்காத கிருமி வளர வழியாகிவிடும், அதனால்தான் முதலில் அத்தனை சோதனை. சரி, நன்றாக இருப்பவன் எதற்கு மாத்திரை போட வேண்டும் என்ற கேள்விக்குத்தான் பணியாளர்கள் அதிகம் மூச்சைச் செலவழிக்க வேண்டியிருக்கும்!

சாப்பாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. ஜார்க்கண்டில் நடந்த, 2023-ல் வெளியான ஆய்வில், நோயாளியின் குடும்பத்தினருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அவர்களிடையே புதிதாக டிபி வருவது சுமார் 39 சதவீதம் குறைந்தது. உடல் மெலிந்தால் எதிர்ப்புச் சக்தி தளர்ந்து தூங்கும் கிருமி விழித்துக்கொள்ளும், அவ்வளவுதான் கணக்கு. 2024 நவம்பரிலிருந்து நோயாளிக்கு மாதம் 1000 ரூபாய் உதவி வருகிறது. ஐந்து பேர் உள்ள வீட்டில் அது எத்தனை நாளைக்கு வரும்?