வண்டியின் உடலே அன்ரெனாவின் மறுபாதி

திருகோணமலை நகரிலிருந்து ஹொரவப்பொத்தானை வீதியில் பன்குளத்தைத் தாண்டி, தார் வீதியை விட்டுக் காட்டுப் பாதையொன்றில் ஜீப்பை இறக்கினால், கைத்தொலைபேசியின் சமிக்ஞைக் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து மறையும் இடங்கள் இன்றும் உண்டு. முன்னே போன வண்டி சேற்றில் புதைந்துவிட்டதா, வழியில் யானை நிற்பதால் திரும்பி வருகிறதா என்பது பின்னே வருபவர்களுக்கு உடனே தெரிய வேண்டிய செய்தி. கோபுரத்தையோ இணையத்தையோ நம்பாமல், ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு நேரடியாகக் குரலைக் கொண்டுசெல்லும் கருவியே சி.பி. (சிற்றிசன்ஸ் பாண்ட், அதாவது பொதுமக்கள் அலைவரிசை) வானொலி. அதை வாங்க நினைப்பவர்கள் எந்தப் பெட்டி நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் பார்த்தவரையில், தெளிவாகப் பேசும் வண்டிக்கும் இரைச்சலை மட்டும் கேட்கும் வண்டிக்கும் உள்ள வேறுபாடு பெட்டியில் இருப்பதில்லை. அன்ரெனாவிலும், அந்த அன்ரெனா ஊன்றி நிற்கும் உலோகத்திலுமே அது இருக்கிறது.

பொதுமக்கள் பேசுவதற்கென்று ஒரு வானொலிச் சேவையை அமெரிக்கா 1945 இல் ஏற்படுத்தியது. இன்று நாம் அறியும் 27 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசை 1958 இல் அதற்கு ஒதுக்கப்பட்டது. 1973 எண்ணெய் நெருக்கடியின்போது, எரிபொருள் எங்கே கிடைக்கிறது என்று லொறிச் சாரதிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள இதைப் பயன்படுத்தியதால் அது நாடெங்கும் பரவியது. அதுவரை 23 ஆக இருந்த வழித்தடங்கள் (சேனல்கள்) 1977 இல் 40 ஆகப் பெருகின. இலங்கையில் இத்தகைய கருவியைப் பயன்படுத்த, 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்கீழ் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முதலில் உரிமம் பெற வேண்டும். அந்த வேலையை முடித்த பின்னரே ஸ்பானரைக் கையில் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர்கள் பயன்படுத்தும் 28 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசை இதற்குப் பக்கத்து வீடு என்பதால், கீழே சொல்லப்படும் அனைத்தும் அவர்களுடைய வண்டிக்கும் பொருந்தும்.

வானொலி அலை ஒரு வினாடியில் ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் செல்கிறது. 27 மெகாஹேர்ட்ஸ் என்றால் அந்த ஒரு வினாடிக்குள் 2 கோடி 70 இலட்சம் அலைகள் புறப்படுகின்றன. ஆகவே ஓர் அலையின் நீளம் சுமார் 11 மீற்றர். திருகோணமலையில் பல ஆண்டுகள் இயங்கிய ஜேர்மனியின் டொய்ச்ச வெல்லே அஞ்சல் நிலையத்தின் உயர்ந்த கோபுரங்களைப் பார்த்தவர்களுக்கு, அலைநீளம் கூடக் கூட அன்ரெனாவும் பெரிதாகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை; அங்கிருந்து புறப்பட்ட சிற்றலைகளில் சிலவற்றின் நீளம் 49 மீற்றர். கைத்தொலைபேசியின் 900 மெகாஹேர்ட்ஸ் அலையோ 33 சென்ரிமீற்றர்தான், அதனால் அதன் அன்ரெனா கருவிக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது. 11 மீற்றர் அலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. மரத்தின் இலைகளும் கிளைகளும் அதற்கு மிகச் சிறியவை என்பதால் காட்டுக்குள் அது அதிகம் தேயாமல் செல்கிறது. ஆனால் அதை முறையாக வெளியேற்ற, அலைநீளத்தின் காற்பங்காகிய 2.7 மீற்றர் நீளக் கம்பி வேண்டும்.

கம்பி மட்டும் போதாது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய இடம். கம்பியின் அடியில் மின்னோட்டம் மேல்நோக்கி ஏறும் ஒவ்வொரு கணத்திலும், அதே அளவு மின்னோட்டம் எதிர்ப்பக்கத்தில் ஓர் உலோகப் பரப்புக்குள் இறங்க வேண்டும். இறங்க இடமில்லையென்றால் ஏறவும் இடமில்லை. வண்டியின் கூரையும் பொனற்றும் பக்கத் தகடுகளுமே அந்தப் பரப்பு. அன்ரெனாவின் ஒரு பாதியை நாம் கடையில் வாங்குகிறோம், மறுபாதி ஏற்கெனவே முற்றத்தில் நிற்கிறது. இந்த மறுபாதியின் வடிவம் அலை செல்லும் திசையையும் தீர்மானிக்கிறது. கூரையின் நடுவில் கம்பி நின்றால் எல்லாப் பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பேசலாம். பின்புற வலது மூலையில் நின்றால், உலோகம் நீண்டு கிடக்கும் முன்புற இடது மூலைத் திசையில் சமிக்ஞை வலுத்து மற்றத் திசைகளில் மெலியும். காட்டுப் பாதையில் கூரை நடுவில் நிற்கும் கம்பியைக் கிளைகள் விட்டுவைக்காது என்பதால் பலரும் பின்மூலையையே தெரிவு செய்கிறார்கள். அதில் தவறில்லை, எந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும் என்று தெரிந்திருந்தால் போதும்.

2.7 மீற்றர் கம்பியுடன் பாலைமரக் கிளைகளின் கீழ் ஓட முடியாது. ஆகவே 1.2 மீற்றர் அளவிலான கண்ணாடியிழைக் கம்புகளைப் பயன்படுத்துகிறோம். அவற்றின்மீது செப்புக் கம்பி சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். குட்டையான அன்ரெனா ஒரு கொள்ளளவி (கப்பாசிற்றர்) போல நடந்துகொண்டு மின்னோட்டத்தை எதிர்க்கிறது. சுருளின் தூண்டுதிறன் அந்த எதிர்ப்பைச் சரிக்கட்டுகிறது. மின்சாரக் கணக்கில் அது முழு நீளக் கம்பி போலவே தோன்றும். ஆனால் அலையாக வெளியேறும் திறன் திரும்பி வந்துவிடுவதில்லை. வலு அலையாக மாறி வெளியேறுவதை ஒரு தடைபோலக் கணக்கிட்டுக் கதிர்வீச்சுத் தடை என்கிறார்கள். காற்பங்கு அலைநீளக் கம்பியில் அது சுமார் 36 ஓம் என்றால், 1.2 மீற்றர் கம்பில் அது பத்து ஓம்களுக்குக் கீழே விழுந்துவிடும். அதை 8 ஓம் என்று வைத்துக்கொள்வோம். சுருளிலும் இணைப்புகளிலும் வண்டியின் உடலிலும் இன்னொரு 8 ஓம் தடை இருந்தால், கருவி கொடுக்கும் 4 வாட் வலுவில் பாதி வெப்பமாகிவிடும். துருப்பிடித்த ஒரு போல்ட் தனக்கென்று சில ஓம்களை எடுத்துக்கொள்ளும்போது நாம் இழப்பது எவ்வளவு என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

நண்பர் ஒருவரின் பழைய லேண்ட் ரோவரில் இதை நேரில் கண்டேன். பின்புற அன்ரெனாத் தாங்கி அழகாகக் கறுப்புப் பூச்சிட்டு, நான்கு போல்ட்களால் இறுக்கப்பட்டிருந்தது. ஆனாலும் உப்புவெளியிலிருந்து நிலாவெளிக்குக்கூடக் குரல் சரியாகப் போகவில்லை. மின்தடை அளக்கும் மீற்றரின் ஒரு முனையைத் தாங்கியிலும் மறுமுனையை வண்டியின் அடிச்சட்டமாகிய செசியிலும் வைத்தபோது தொடர்பே காட்டவில்லை. தாங்கியின் பூச்சு, அதன் கீழே வண்டியின் பெயின்ட், அதற்கும் கீழே வெண்பொடியாகப் பூத்திருந்த அலுமினிய ஒட்சைட்டு என்று மூன்று தோல்கள் நடுவில் இருந்தன. அந்த வண்டியின் உடற்தகடுகள் அலுமினியம், போல்ட்கள் உருக்கு. இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் உப்புக் காற்றின் ஈரம் சேர்ந்தால் அது ஒரு சிறிய மின்கலமாகிறது, அதில் அலுமினியமே தின்னப்படுகிறது. கடலோர ஊரில் இது விரைவாக நடக்கும். அரத்தாளால் தேய்த்து உலோகத்தின் பளபளப்பு தெரியும்வரை சுரண்டி, பல்லுள்ள வொஷர்களைப் போட்டு இறுக்கி, மேலே கிறீஸ் பூசி, தாங்கியிலிருந்து செசிக்கு அகலமான பின்னல் செப்புப் பட்டையொன்றையும் கொடுத்தோம். பிறகு நிலாவெளியிலிருந்து பதில் வந்தது.

பட்டை ஏன் அகலமாக இருக்க வேண்டும் என்று அன்று கேட்கப்பட்டது, நல்ல கேள்வி. உயர் மீடிறன் மின்னோட்டம் உலோகத்தின் மேற்தோலில் மட்டுமே ஓடுகிறது. 27 மெகாஹேர்ட்ஸில் செம்புக்குள் அது இறங்கும் ஆழம் ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ 80 இல் ஒரு பங்குதான். ஆகவே தடித்த கம்பியின் உட்பகுதி வீணே கிடக்கிறது, மேற்பரப்பே உழைக்கிறது. மேலும், 30 சென்ரிமீற்றர் நீளமுள்ள மெல்லிய வயர் மீற்றரில் சுழியம் ஓம் காட்டினாலும், அதன் தூண்டுதிறன் காரணமாக இந்த அலைக்கு அது சுமார் 50 ஓம் தடுப்பாக நிற்கும். எர்த் கொடுத்துவிட்டோம் என்று மன நிறைவு அடைபவர்கள் ஏமாறுவது இங்கேதான். பட்டை குறுகிய தூரத்தில், அகலமாக, நேராக இருக்க வேண்டும்.

இனி நிலையலை விகிதம், அதாவது எல்லோரும் சொல்லும் எஸ்.டபிள்யூ.ஆர். கரைவலை இழுக்கும் இடத்தில் மெல்லிய கயிற்றைத் தடித்த கயிற்றோடு முடிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மெல்லிய கயிற்றை உதறினால் அதில் ஓடும் அலை, முடிச்சுக்கு வந்ததும் ஒரு பகுதி தடித்த கயிற்றுக்குள் நுழைய, மறுபகுதி தெறித்துத் திரும்பும். கருவியையும் அன்ரெனாவையும் இணைக்கும் கொக்சியல் கேபிளின் தடங்கல், அதாவது அலைக்கு அது காட்டும் எதிர்ப்பு, 50 ஓம். அதன் முடிவில் இருக்கும் அன்ரெனாவும் 50 ஓமாகத் தெரிந்தால் தெறிப்பு இல்லை, விகிதம் 1. அது 1.5 ஆனால் நூற்றுக்கு 4 பங்கும், 2 ஆனால் 11 பங்கும், 3 ஆனால் 25 பங்கும் திரும்பி வருகின்றன. 1.5 க்குக் கீழே வந்துவிட்டால் மேலும் துரத்தத் தேவையில்லை. 3 ஐத் தாண்டினால் பேசக் கூடாது, ஏனெனில் அந்த நிலையில் கருவியின் வெளியீட்டு திரான்சிஸ்டர் எரியக்கூடும். அன்ரெனாவை இணைக்காமல் பேசும் பொத்தானை அழுத்துவது இதைவிடவும் மோசமானது.

இந்த விகிதத்தை எஸ்.டபிள்யூ.ஆர். மீற்றரால் அளப்பதற்கு வண்டியைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோய், கதவுகளை மூடி, 1 ஆம், 20 ஆம், 40 ஆம் வழித்தடங்களில் விகிதத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1 ஆவது 26.965 மெகாஹேர்ட்ஸ், 40 ஆவது 27.405. 40 இல் விகிதம் கூடுதலாக இருந்தால் கம்பு நீளம் கூடியது. 1 இல் கூடுதலாக இருந்தால் நீளம் போதாது. இரண்டு முனைகளிலும் மூன்றுக்கு மேல் நின்றால் நீளத்தைத் தொடாமல், மறுபடியும் எர்த்தையும் கேபிளையும் பார்க்க வேண்டும். இரண்டு வழித்தடங்களுக்கும் இடையிலான வித்தியாசம் நூற்றுக்கு 1.6 பங்குதான், முழு நீளக் கம்பியில் இது 4 சென்ரிமீற்றர் அளவு, சுருள் சுற்றிய குட்டைக் கம்பில் நுனித் திருகாணியின் சில சுற்றுகளுக்குள் அடங்கிவிடும். ஆகவே ஒரு சுற்று திருகி, மீண்டும் அளந்து, பிறகு அடுத்த சுற்றைத் திருகுவதே முறை.

இந்த எண்ணை மட்டுமே நம்பிவிடவும் கூடாது. 8 ஓம் கதிர்வீச்சுத் தடையுள்ள கம்பில் மோசமான இணைப்புகள் 42 ஓம் சேர்த்துவிட்டால் கூட்டுத்தொகை சரியாக 50. மீற்றர் 1 என்று காட்டும், ஆனால் நூற்றுக்கு 16 பங்கு மட்டுமே அலையாக வெளியேறும். விகிதம் அழகாக இருந்தும் குரல் போகவில்லையென்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

மின்வழங்கல் எளிது. பற்றரியின் நேர்முனையிலிருந்து தனி வயர் எடுத்து, பற்றரிக்கு மிக அருகிலேயே பியூஸ் ஒன்றை வைக்க வேண்டும், ஏனென்றால் இடையில் எங்கே வயர் உரசி உடலைத் தொட்டாலும் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான். எஞ்சின் அறைச் சுவரின் துளையில் இறப்பர் வளையம் இல்லாமல் வயரை நுழைக்கக் கூடாது. பழைய டீசல் ஜீப்புகள் சில 24 வோல்ற்றில் ஓடுபவை. அவற்றில் 12 வோல்ற்றுக் கருவியை நேராக இணைத்தால் அது அக்கணமே கெட்டுவிடும், வோல்ற்றைக் குறைக்கும் மாற்றி தேவை. பெற்றோல் வண்டியில் தீப்பொறிப் பிளக்குகள் வானொலியில் சடசடப்பை எழுப்பும்; டீசல் வண்டியில் அவை இல்லாததால் அந்தச் சடசடப்பு வராது. எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் சீழ்க்கை கேட்டால் ஆல்ட்டர்னேற்றரையும், எஞ்சினை நிறுத்திய பின்னும் இரைச்சல் இருந்தால் தொலைபேசி மின்னூட்டியையோ எல்.ஈ.டி. விளக்கையோ சந்தேகிக்கலாம், ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் பிடிபடும்.

எவ்வளவு தூரம் பேசலாம் என்பதற்கு ஒரே விடை இல்லை. காட்டுக்குள் சில கிலோமீற்றர், திறந்த வெளியில் அதைவிடக் கூட. உப்பு நீர் நல்ல கடத்தி என்பதால் கடலோரம் வழியே அலை இன்னும் குறைவாகத் தேய்கிறது. சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சி உச்சத்தில் இருக்கும்போது, 2024 ஐ ஒட்டி நிகழ்ந்ததைப் போல, வளிமண்டலத்தின் உயரத்திலுள்ள அயன்மண்டலம் இந்த அலைகளைத் திருப்பி அனுப்பி, ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள குரல்களைக் கொண்டுவந்து சேர்க்கும். கேட்க வியப்பாக இருந்தாலும், அரைக் கிலோமீற்றர் முன்னே போகும் வண்டியின் மெல்லிய குரலை அவை மூடிவிடுவதால், அப்போது வேறு வழித்தடத்துக்கு மாறிவிடுவது நல்லது.

வாடைக் காலம் தொடங்குமுன் அன்ரெனா அடியிலுள்ள இணைப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும். 2020 டிசம்பர் 2 இல் திருகோணமலைக்கு வடக்கே புரெவிச் சூறாவளி கரை கடந்தபோது வந்ததைப் போன்ற மழையும் காற்றும், கேபிளின் வெளிப் பின்னலுக்குள் நீரைத் தள்ளிவிடும். உறையைச் சற்று உரித்தால் செம்பு பச்சைக் களிம்பேறியோ கறுத்தோ இருக்கும். அப்படி இருந்தால் பின்னல் பளபளக்கும் இடம்வரை வெட்டி, புதிய இணைப்பைப் பற்றவைத்து, தானே ஒட்டிக்கொள்ளும் இறப்பர் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றி, நீர் வடிந்து சொட்ட வசதியாகக் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுக் கட்ட வேண்டும். அதன் பின் மூன்று வழித்தடங்களையும் மறுபடி அளந்து, எண்களைத் திகதியோடு ஒரு தாளில் எழுதி வண்டியிலேயே வைத்துவிட்டால், கச்சான் காற்று தொடங்கும்போது எது மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.